கடலூர் மணலில் ஆறு சக்கர வண்டி: சக்கரக் கணக்கும் கேமராக் கணக்கும்

செவ்வாயில் ஓடும் ரோவர்கள், தாங்கள் எவ்வளவு தூரம் நகர்ந்தோம் என்பதைக் கேமராப் படங்களை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கின்றன. இதற்கு விஷுவல் ஓடோமெட்ரி என்று பெயர். அதே வேலையைச் செய்யும் சின்ன வண்டி ஒன்றை வீட்டிலேயே கட்டி, கடலூர் சில்வர் பீச் மணலிலும் கேப்பர் மலைச் செம்மண்ணிலும் ஓட்டிப் பார்த்தேன். மேசைமேல் ஓடிய நிரல் மணலில் இறங்கியதும் என்னென்ன கேட்டது, அதற்கு என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன். பைத்தான் மொழியும், படங்களைக் கணினியில் ஆராய உதவும் ஓபன்சிவி நூலகமும் ஓரளவு தெரிந்தவர்கள் அப்படியே செய்து பார்க்கலாம்.

முதலில் இது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். 2005 ஏப்ரலில் நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் செவ்வாயின் மெரிடியானி சமவெளியில் ஒரு மணல் மேட்டில் சிக்கியது. உயரம் ஓர் அடி இருக்கும், அவ்வளவுதான். அன்றைய ஓட்டத்தில் அது சக்கரம் சுற்றிய கணக்கை மட்டும் வைத்து ஓடிக்கொண்டிருந்தது. அச்சு வரை புதைந்த பிறகும் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. ஏறக்குறைய 50 மீட்டர் போயிருக்க வேண்டிய சுற்றுகள். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. கலிஃபோர்னியாவில் உள்ள நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் மணலும் களிமண்ணும் கலந்து கொட்டி, அதில் மாதிரி ரோவரைப் புதைத்து ஒத்திகை பார்த்துத்தான் ஜூனில் அதை வெளியே எடுத்தார்கள். அந்த மேட்டுக்குப் பர்கேட்டரி என்று பெயரிட்டார்கள். அதற்குப் பிறகு, ஓட்டத்தின் நடுவே நின்று உண்மையில் நகர்ந்தோமா என்று கேமராவால் சரிபார்ப்பது வழக்கமானது.

பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு சிக்னல் போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். சிக்கியதை இங்கிருந்து பார்த்து நிறுத்து என்று சொல்ல வழியே இல்லை. சந்தேகப்பட வேண்டியது வண்டிதான். நிலவுக்கு ஒரு வழியில் 1.3 வினாடிதான் என்பதால் சந்திரயான்-3 கொண்டுபோன பிரக்யான் ரோவருக்குத் தரையிலிருந்தே பாதை போட்டுக் கொடுக்க முடிந்தது. 2023 ஆகஸ்ட் 27 அன்று மூன்று மீட்டர் முன்னால் நாலு மீட்டர் அகலக் குழி இருப்பதைப் படத்தில் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் அதைச் சுமந்து இறங்கிய விக்ரம் லேண்டர் கடைசி நிமிடங்களில் யாரையும் கேட்கவில்லை. தரைக்குமேல் சுமார் 150 மீட்டரில் நிதானித்து, கேமராவில் பார்த்து, எங்கே இறங்குவது என்று அதுவே முடிவெடுத்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தலைமையில் இது நடந்தது என்பது எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூரில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நான் இந்த வேலையில் இறங்கியதற்கும் விக்ரம் இறங்கிய அந்த நாள்தான் காரணம்.

வண்டி

உடல் பகுதியில் புதுமை எதுவும் இல்லை, சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ராக்கர் போகி அமைப்பு, பக்கத்துக்கு மூன்று சக்கரம். 1997-இல் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் முதல் பிரக்யான் வரை இதே அமைப்புதான். ஸ்பிரிங் கிடையாது. இரண்டு கைகளை மூட்டு போட்டு இணைத்திருப்பதால் ஒரு சக்கரம் கல்மேல் ஏறினாலும் மற்றவை தரையை விடாது. கைகளை அலுமினியச் சதுரக் குழாயில் வெட்டினேன். மூட்டுகளுக்குச் சின்ன பேரிங். மோட்டார்கள் 12 வோல்ட், 10 ஆர்பிஎம், எவ்வளவு சுற்றியது என்று எண்ணும் என்கோடரோடு வருபவை. வேகம் வினாடிக்கு ஆறு செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். பிரக்யான் வினாடிக்கு 1 செ.மீ., இன்று செவ்வாயில் ஓடும் பெர்சிவியரன்ஸ் அதிகபட்சம் 4 செ.மீ. சொச்சம் என்பதால் வேகம் நமக்குப் பிரச்சினையே இல்லை. மேலே ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி, மோட்டார்களைக் கவனிக்கத் தனியாக ஓர் ஆர்டுயினோ கட்டுப்பாட்டுப் பலகை. பேட்டரியோடு சேர்த்து எடை மூன்றரைக் கிலோ.

சக்கரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 110 மி.மீ. பிவிசி பைப்பை ஹேக்ஸாவால் 6 செ.மீ. அகலத் துண்டுகளாக அறுத்து, உள்ளே பிளைவுட் வட்டம் வைத்து, வெளிச்சுற்றில் 8 மி.மீ. உயரத்துக்கு அலுமினியப் பட்டைகளை ரிவெட் அடித்தேன். சக்கரத்துக்குப் பன்னிரண்டு பல். இப்போது ஒரு கேள்வி: இந்தச் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வண்டி எவ்வளவு நகரும்? சிமெண்டுத் தரையில் பற்களின் நுனி மேலேயே நடக்கிறது, சுற்றுக்கு 39 செ.மீ. ஈர மணலில் பற்கள் உள்ளே இறங்கிவிடும், பைப்பே தரையில் உருளும், சுற்றுக்கு 36-க்குப் பக்கத்தில் வருகிறது. அதாவது வழுக்கலே இல்லாத இடத்தில்கூடச் சக்கரக் கணக்கு மண்ணைப் பொறுத்து மாறுகிறது. வீட்டுத் தாழ்வாரத்தில் அளந்த எண்ணைக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் நூற்றுக்கு ஏழு எட்டு பங்கு அங்கேயே போய்விடும். நான் 39-ஐயே வைத்துக்கொண்டு, எந்த மண்ணிலும் எட்டு சதவீதம் வரை வரும் வித்தியாசத்தை வழுக்கலாக எடுப்பதில்லை என்று நிரலில் எழுதிவிட்டேன்.

இரண்டு கண்

ஒரே மாடல் வெப்கேம் இரண்டு. ஆட்டோஃபோகஸ் இல்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும். ஃபோகஸ் தானாக மாறினால் லென்ஸின் குவியத் தூரமும் மாறும், அளந்து வைத்த கணக்கெல்லாம் போய்விடும். ஃபோகஸைக் கையால் சரிசெய்த பிறகு லென்ஸ் மரையில் ஒரு பொட்டு பசை வைத்துவிடுங்கள். வண்டி குலுங்கும்போது லென்ஸ் அரைச் சுற்று திரும்பினாலே போதும், எல்லாம் மாறிவிடும்.

இரண்டுக்கும் இடையே 10 செ.மீ. இந்த எண்ணை ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ரோவர்களிடமிருந்து எடுத்தேன். அவற்றின் கீழ்க் கேமராக்களுக்கு இடையே 10 செ.மீ., கம்பத்தின் உச்சியில் இருந்த வழிகாட்டும் கேமராக்களுக்கு 20 செ.மீ. தூரத்தைப் பார்க்க அகலமான இடைவெளி நல்லது, பக்கத்தைப் பார்க்கக் குறுகியது நல்லது. என் வண்டிக்கு முன்னால் மூன்று மீட்டர் தெரிந்தால் போதும். கணக்கு எளிது: என் லென்ஸின் குவியத் தூரம் பிக்சல் கணக்கில் 500. அதை இடைவெளியான 10 செ.மீ.ஆல் பெருக்கினால் 5000. ஒரு கல் இடது படத்திலும் வலது படத்திலும் எத்தனை பிக்சல் தள்ளித் தெரிகிறதோ, அந்த எண்ணால் 5000-ஐ வகுத்தால் கல்லின் தூரம் செ.மீ.இல் வந்துவிடும். 50 பிக்சல் தள்ளியிருந்தால் ஒரு மீட்டர். இதில் அரைப் பிக்சல் பிசகினால் ஒரு மீட்டரில் ஒரு செ.மீ.தான் தவறும், மூன்று மீட்டரில் ஒன்பது செ.மீ. தவறும். அதனால் நகர்வைக் கணக்கிடப் பக்கத்துப் புள்ளிகளுக்கே அதிக மதிப்பு கொடுத்திருக்கிறேன்.

கேமராக்களின் அளவுகளைக் கணக்கிட்டு வைக்கும் கேலிபிரேஷனுக்குச் சதுரங்கக் கட்டத்தை அச்சிட்டு, வளையாமல் இருக்க ஒரு பழைய ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். ஜெராக்ஸ் கடையில் அச்சிடும்போது, பக்கத்துக்குள் அடக்கு என்று பிரிண்டரில் இருக்கும் வசதி கட்டங்களைச் சுருக்கிவிடும். 25 மி.மீ. கேட்டால் 24.2 மி.மீ. வரும். அப்படியே 25 என்று கொடுத்தால் எல்லாத் தூரமும் மூன்று சதவீதம் கூடிவிடும், நிரல் எந்தப் பிழையும் காட்டாது. இதைப் பிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. கேலிபிரேஷன் முடிந்ததும் இரண்டு கேமராவுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அதுவே ஒரு விடை தரும். அதை ஸ்கேலால் அளந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 10.3 என்று வந்தால் கட்டத்தின் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மலிவு வெப்கேம்களில் இரண்டும் ஒரே கணத்தில் படம் எடுக்காது. வண்டி ஓடும்போது எடுத்தால் இடதும் வலதும் வெவ்வேறு இடத்தில் எடுத்ததாகிவிடும். ஆகவே 12 செ.மீ. நகர், நில், படம் எடு, கணக்கிடு, அப்புறம் அடுத்த 12. ஸ்பிரிட்டும் ஆப்பர்ச்சூனிட்டியும் கேமராக் கணக்கு போடும்போது இப்படித்தான் நின்று நின்று போயின, அதிகபட்சம் 75 செ.மீ.க்கு ஒரு படம். 20 மெகாஹெர்ட்ஸ் பிராசசரில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மூன்று நிமிடம் வரை ஆனது. கதிர்வீச்சைத் தாங்கும் பிராசசர்கள் அப்படித்தான் இருக்கும். அந்த அவகாசத்துக்குள் இதைச் செய்து காட்டியவர்களை நினைத்தால் இன்றும் பிரமிப்பாக இருக்கிறது. என் பை அரை நொடிக்குள் முடித்துவிடுகிறது.

கணக்கு இப்படி. இடது படத்தில் சுற்றுப்புறத்திலிருந்து தனித்துத் தெரியும் மூலைகளைத் தேடு: கிளிஞ்சல் ஓரம், கூழாங்கல், குச்சி நுனி. ஒவ்வொன்றும் வலது படத்தில் எங்கே என்று பார்த்துத் தூரம் கண்டுபிடி. நகர்ந்த பிறகு எடுத்த படத்தில் அதே மூலைகளை மறுபடி தேடு. அத்தனை புள்ளிகளும் இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டுமானால் கேமரா எப்படி நகர்ந்திருக்க வேண்டும்? இதற்கு விடை கண்டால் நகர்வு கிடைத்துவிடும். தவறாக இணைந்த புள்ளிகளும் சில இருக்கும். ரான்சாக் முறையில் சில புள்ளிகளை மட்டும் எடுத்து ஒரு விடை கண்டு, மற்றவற்றில் எத்தனை அதை ஒப்புக்கொள்கின்றன என்று பார்த்து, அதிக ஆதரவு உள்ள விடையை எடுத்துக்கொள்வேன். இதன் வேர் ஹான்ஸ் மொராவெக் ஸ்டான்ஃபோர்டில் 1980-இல் முடித்த ஆய்வில் இருக்கிறது. ஒரே கேமராவைத் தண்டவாளத்தில் நகர்த்தி ஒன்பது படம் எடுத்து, ஒரு மீட்டர் நகரப் பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்ட வண்டி அவருடையது.

சில்வர் பீச்

தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலை வந்து போகும் ஓரத்தில் மணல் இறுகியிருக்கும். அங்கிருந்து ஊர்ப்பக்கம் ஏற ஏற உலர்ந்து, பொடியாகி, கால் புதையும். ஒரே இடத்தில் இரண்டு விதத் தரை கிடைப்பது இந்த வேலைக்குப் பெரிய வசதி. சவுக்குக் குச்சி நட்டு, டேப் பிடித்துக் கோடு போட்டேன். சக்கரக் கணக்கு 10 மீட்டர் என்று சொல்லும்வரை ஓட்டி, டேப்பில் எவ்வளவு என்று பார்ப்பது. ஈர மணலில் டேப் 9.2 மீட்டர் காட்டியது, கேமராக் கணக்கு 9.3. உலர்ந்த ஏற்றத்தில் டேப் 5.8, கேமரா 5.6. சக்கரம் 10 மீட்டர் என்று சொன்ன இடத்தில் வண்டி ஆறு மீட்டர்கூடப் போகவில்லை. சக்கரத்தை மட்டும் நம்பி ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு அடி எண்ணி நடப்பது போலத்தான். எண்ணிக்கை சரியாகவே இருக்கும், ஆள் வேறெங்கோ நிற்பார்.

இந்த எண்கள் காலையில் எடுத்தவை. அப்போதே ஒரு சிக்கல் தெரிந்தது. காலையில் சூரியன் கடல்மேல். வண்டி கடலுக்கு முதுகு காட்டி மேற்கே ஏறும்போது அதன் நிழல் நேராக முன்னால், கேமராப் பார்வைக்குள் விழுகிறது. நிழலின் ஓரம் படத்திலேயே மிகக் கூர்மையான கோடு, மூலை தேடும் நிரலுக்கு விருந்து. ஆனால் நிழல் வண்டியோடு கூடவே வருவதால் அந்தப் புள்ளிகள் எல்லாம் நகரவே இல்லை என்று சொல்லும். பெரும்பான்மை அவற்றுக்குக் கிடைத்துவிட்டால் விடை பூஜ்ஜியம்.

நகராத புள்ளிகளைத் தூக்கிப் போட்டுவிடலாமே என்று தோன்றும். அது கூடாது. வண்டி உண்மையிலேயே சிக்கி, சக்கரம் வெறுமனே சுற்றும்போது தரைப் புள்ளிகளும் நகராது. அவற்றைத் தூக்கிப் போட்டால், எதைக் கண்டுபிடிக்க இத்தனையும் செய்தோமோ அதையே மறைத்தவர்கள் ஆகிவிடுவோம். நிழல் எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் மூடலாம். கடலூரின் அட்சரேகை 11.75, தீர்க்கரேகை 79.77. நேரம் தெரிந்தால் சூரியன் எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். வண்டியின் திசை தெரியும். வண்டியை ஒரு பெட்டியாகவும் கேமராக் கம்பத்தை ஒரு கோலாகவும் வைத்து, நிழலின் வடிவத்தைத் தரையில் வரைந்து, சுற்றி இரண்டு விரற்கடை கூட்டி, அந்தப் பகுதியில் மூலை தேடாதே என்று சொல்லிவிட்டேன். பூஜ்ஜியங்கள் அத்தோடு நின்றன. ஒரு விஷயம்: ராஸ்பெர்ரி பை 4-இல் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. நெட் இல்லாத கடற்கரையில் ஆன் செய்தால் நேரம் எங்கேயோ இருக்கும், நிழலும் வேறு பக்கம் போய்விடும். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

உச்சி வெயில் வேறு கதை. நிழல் காலடியில் சுருங்கிவிடும். மணல் வெள்ளையாகப் பளீரென்று, மேடு பள்ளம் எதுவும் படத்தில் தெரியாது. காலையில் சில நூறு மூலைகள் கிடைத்த இடத்தில் நாற்பதுகூடக் கிடைக்காது. கிடைப்பவையும் ஒன்றுபோலவே இருப்பதால் தவறாக இணையும். எக்ஸ்போஷரைக் குறைத்தால் கொஞ்சம் தேறும், போதாது. இதே காரணத்தால்தான் செவ்வாயில் இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரின் பறப்பும் முடிந்தது. 2024 ஜனவரி 18 அன்று அதன் 72-ஆவது பறப்பு, அடையாளம் எதுவும் இல்லாத மணல் அலைகளுக்கு மேல். கீழே பார்க்கும் கேமராவுக்குப் பின்தொடரப் போதுமான புள்ளிகள் கிடைக்கவில்லை, வேகக் கணக்கு பிசகியது, வேகமாகத் தரையில் மோதி இறக்கைகள் சேதமாயின. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பிய இயந்திரம் அத்தனை முறை பறந்ததே பெரிய சாதனை.

தரையில் அடையாளம் இல்லாவிட்டால் நாமே அடையாளம் போட்டுக்கொண்டு போகலாம். கியூரியாசிட்டி ரோவரின் சக்கரங்களில் துளைகள் வெட்டியிருக்கிறார்கள், ஒவ்வொரு சுற்றிலும் தடத்தில் ஜேபிஎல் என்பதன் மோர்ஸ் குறி பதியும். அழகுக்காக மட்டும் செய்ததில்லை, வெறும் மணலில் கேமரா பிடித்துக்கொள்ள அது ஓர் அடையாளம். நானும் கேமராக் கம்பத்துக்கு ஒரு சர்வோ மோட்டார் போட்டு, முன்னால் மூலைகள் குறைந்தால் பின்பக்கம் திரும்பித் தன் தடத்தைப் பார்க்கும்படி செய்தேன். பற்களின் தடம் மட்டும் உதவாது. பன்னிரண்டு பல்லும் சம இடைவெளியில் இருப்பதால் தடத்தில் எல்லாக் கோடும் ஒன்றே. இந்தக் கோடா அந்தக் கோடா என்று நிரலுக்குத் தெரியாது, ஒரு பல் தள்ளி இணைத்துவிட்டால் மூன்று செ.மீ. போச்சு. அதனால் பின்சக்கரங்களில் பற்களுக்கு நடுவே டிரில்லால் துளை போட்டேன், சீரில்லாமல்: ஓரிடத்தில் இரண்டு, அப்புறம் விட்டு ஒன்று, அப்புறம் நெருக்கமாக மூன்று. மணல் துளை வழியே பிதுங்கிச் சின்னச் சின்ன மொட்டுகளாக நிற்கும். இந்த வடிவம் ஒரு முழுச் சுற்றுக்குப் பிறகே திரும்ப வரும். நாம் 12 செ.மீ.க்கு ஒருமுறை பார்ப்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. மதிய வெயிலிலும் இப்போது நூற்றுக்கு மேல் புள்ளிகள் கிடைக்கின்றன.

வண்டியை வேண்டுமென்றே புதையவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார்.

"என்ன தம்பி, வண்டி மாட்டிக்கிச்சா?"

"இல்லண்ணே, மாட்டுதான்னு பாக்கத்தான் விட்டிருக்கேன்."

"வெயில் ஏறிட்டா மேல் மணல் பொலபொலன்னு ஆயிடும். கருப்பா தெரியுது பாரு, அந்தப் பக்கமா உடு. படகு தள்றப்ப நாங்க அதத்தான் பாப்போம்."

அவர் சொன்னதில்தான் அடுத்த கட்ட வேலை முழுவதும் இருந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நிறுத்தத் தெரிய வேண்டும்

இரண்டு கணக்கும் கையில் இருந்தால் வழுக்கல் விகிதம் கிடைத்துவிடும்: சக்கரம் சொன்ன தூரத்தில் எத்தனை சதவீதம் வீணானது. முப்பதுக்குள் இருந்தால் ஓடிக்கொண்டே இரு. முப்பதைத் தாண்டினால் ஒரு தடவை நகரும் 12 செ.மீ.யைப் பாதியாக்கு. அடுத்தடுத்து இரண்டு நிறுத்தத்தில் அறுபதைத் தாண்டினால் நில், வந்த தடத்திலேயே பின்னால் வா. ஏறி வந்த தடம் ஏற்கெனவே அழுந்தியிருப்பதால் திரும்புவது சுலபம். ஒரு நிறுத்தத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை, ஒரு படம் கெட்டுப்போக ஆயிரம் காரணம் உண்டு. கேமராக் கணக்கே கிடைக்கவில்லை என்றால்? அதைச் சரி என்று எடுத்துக்கொள்ளாமல், மூன்று நகர்வுக்கு மேல் கண் தெரியாமல் போகாதே என்று விதி போட்டிருக்கிறேன்.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. படம் எடுக்கும் நிரலும் மோட்டார் நிரலும் தனித்தனியாக ஓடி, ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. இப்படிப்பட்ட அமைப்பில் இது அதற்காகவும் அது இதற்காகவும் காத்துக்கொண்டு இரண்டும் உறைந்துபோக வாய்ப்பிருக்கிறது. 1999 மே மாதம் நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தை ரிமோட் ஏஜெண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிரலின் பொறுப்பில் விட்டுப் பார்த்தபோது அதுவே நடந்தது. பூமியில் எத்தனையோ சோதனையில் தலைகாட்டாத ஒரு நேரப் பிசகு விண்வெளியில் வந்து நின்றது. அதே ஜாதிப் பிழை ஒன்றை ஸ்பின் என்ற சரிபார்ப்புக் கருவியால் முன்பே அதே நிரலின் வேறொரு பகுதியில் கண்டுபிடித்திருந்தார்கள் என்பது, நிரலைக் கணிதமாகச் சரிபார்க்கும் துறைக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதைக் காட்டுகிறது. என் அளவுக்கு எளிய ஏற்பாடு: பையிலிருந்து இரண்டு வினாடி எந்தச் சேதியும் வராவிட்டால் ஆர்டுயினோ தானாக மோட்டாரை நிறுத்திவிடும்.

கேப்பர் மலை

கடலூர் மணற்கல் என்று புவியியலில் பெயர் வாங்கிய சிவப்புப் பாறை கேப்பர் மலையில் கண்ணுக்கு நேரே தெரியும். இரும்பு ஆக்சைடு கலந்த செம்மண், சரளைக்கல், மழை அறுத்த ஓடைகள், நடுநடுவே முந்திரி. செவ்வாயின் சிவப்புக்கும் இரும்பு ஆக்சைடுதான் காரணம். கேமராக் கணக்குக்கு இது சொர்க்கம், எங்கே பார்த்தாலும் மூலைகள்.

இங்கே பார்க்க வேண்டியது பக்கவாட்டுச் சறுக்கல். சரிவுக்குக் குறுக்கே எட்டு மீட்டர் நேராக ஓட்டினேன். சக்கரக் கணக்கின்படி வண்டி கோட்டைவிட்டு விலகவே இல்லை. டேப்பில் பார்த்தால் 70 செ.மீ. கீழே இறங்கியிருந்தது. கேமரா 65 என்றது. சக்கரம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இதை அறியவே முடியாது, அது பக்கவாட்டில் சுற்றுவதில்லையே. இப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் சறுக்கிய அளவுக்கு மேட்டுப் பக்கம் மூக்கைத் திருப்பி ஓடுகிறது.

தடை அறியும் பகுதியையும் இங்கேதான் சோதித்தேன். ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டியில் இருந்த கெஸ்டால்ட் நிரலின் யோசனைதான்: முன்னால் உள்ள தரையைக் கட்டங்களாகப் பிரித்து, வண்டி அளவுக்கு ஒரு பலகையை அந்தக் கட்டத்தில் வைத்தால் எவ்வளவு சாயும், எவ்வளவு கரடுமுரடு, படி எவ்வளவு உயரம் என்று மதிப்பெண் போடுவது. கற்களை நன்றாகவே பிடித்தது. காய்ந்து சுருண்ட முந்திரி இலையையும் கல் என்றே எண்ணிச் சுற்றிக்கொண்டு போனது. அது பரவாயில்லை. எதிர்ப்பக்கப் பிழைதான் ஆபத்து: பார்க்கச் சமமாக இருந்து, ஏறினால் புதையும் மணல். வடிவத்தை மட்டும் பார்க்கும் நிரலுக்கு அது நல்ல சாலை. 2009-இல் ஸ்பிரிட் சிக்கியது அப்படிப்பட்ட மெல்லிய மேலோடு உடைந்துதான். அது அங்கிருந்து வெளியே வரவே இல்லை. 2010 மார்ச்சுக்குப் பிறகு சத்தமும் இல்லை.

சக்கரம் கற்றுக்கொடுக்கிறது

கருப்பாகத் தெரியும் பக்கம் விடு என்று பெரியவர் சொன்னது இதைத்தான்: தோற்றத்தைப் பார்த்தே தரையின் உறுதியைச் சொல்ல முடியும். 2007 வாக்கில் ஜேபிஎல், கால்டெக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், தூரத்துத் தரையின் தோற்றத்தையும் சரிவையும் வைத்து வழுக்கலை முன்கூட்டிக் கணிக்க ரோவரைப் பழக்கிக் காட்டினார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, படங்களுக்கு யாரும் உட்கார்ந்து பெயர் எழுத வேண்டியதில்லை என்பது. இரண்டு மீட்டர் முன்னால் ஒரு துண்டுத் தரையைப் பார்க்கிறோம், படத்தை எடுத்து வைக்கிறோம். கொஞ்ச நேரத்தில் வண்டி அதே துண்டின்மேல் ஏறுகிறது. வழுக்கல் 8 சதவீதமா, 45-ஆ என்று தெரிந்துவிடுகிறது. அதையே அந்தப் படத்துக்கு விடையாக எழுதி வைக்கிறோம். கண்ணுக்குச் சக்கரம் ஆசிரியர்.

துண்டுக்குத் துண்டு சராசரி நிறம், வெளிச்சம், சொரசொரப்பு, சரிவு என்று சில எண்களை எடுத்து, கேள்வி மேல் கேள்வி கேட்டுப் பிரித்து விடை சொல்லும் ஒரு சின்ன முடிவு மரத் தொகுப்பைப் பழக்கினேன். நியூரல் நெட்வொர்க் வேண்டியதில்லை. சில்வர் பீச்சில் பழகியது சில்வர் பீச்சில் அழகாக ஓடுகிறது. உலர்ந்த ஏற்றத்தைக் கண்டால் தானே ஈர மணல் பக்கம் ஒதுங்கிச் சுற்றிப் போகிறது.

அதே மாதிரியைக் கேப்பர் மலைக்குக் கொண்டுபோனால் நேர் எதிராக நடந்தது. கடற்கரையில் கருத்த மணல் என்றால் ஈரம், ஈரம் என்றால் உறுதி. செம்மண்ணில் தண்ணீர் தேங்கிக் கருத்த இடம் களிம்பாகிப் பல்லில் அடைத்துக்கொண்டு வழுக்கும். வண்டி நல்ல இடம் என்று நம்பி அதற்குள் போய் நின்றது. அறுபது சதவீத விதிதான் அதை வெளியே கொண்டுவந்தது. கற்றதைவிட அளந்ததற்கே மேலதிகாரம் கொடுக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே வைத்திருந்த முறை இங்கே பயன்பட்டது. இப்போது அதோடு ஒரு வரி கூட்டியிருக்கிறேன்: கணித்த வழுக்கலும் அளந்த வழுக்கலும் தொடர்ந்து மூன்று நிறுத்தத்தில் ஒத்துப்போகாவிட்டால் பழைய பாடத்தை ஓரம் வைத்துவிட்டு, அந்த இடத்துக்குப் புதிதாகக் கற்கத் தொடங்கும்.

இதைச் சரியாகச் சோதிக்க நனைந்த செம்மண் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேப்பர் மலை ஓடைகளில் அது தாராளமாகக் கிடைக்கும். பல்லுக்கு நடுவே மண் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, பற்களை எட்டாகக் குறைத்து 5 மி.மீ. உயரத்தில் இன்னொரு செட் சக்கரம் அறுத்து வைத்திருக்கிறேன். கேமராக்களையும் படம் முழுவதையும் ஒரே கணத்தில் எடுக்கும் குளோபல் ஷட்டர் வகைக்கு மாற்றி, இரண்டும் ஒரே கணத்தில் எடுக்கும்படி இணைக்கப் போகிறேன். அப்போது நின்று நின்று போக வேண்டியதில்லை, பெர்சிவியரன்ஸைப் போல ஓடிக்கொண்டே கணக்கிடலாம். அந்த எண்கள் வந்ததும் எழுதுகிறேன்.